ஜன்னல் வியாபாரியின் அடுப்படி

— கிட்ட வந்து உக்காருங்க. ஏணி வர்ற வரைக்கும் ஒரு கதை சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு பெரிய மேஸ்திரி இருந்தாராம்...

— வேணாம் தாயே. அந்த மேஸ்திரி யாருன்னு எனக்கே தெரியும்.

— பழைய வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி கதவு, ஜன்னல், உத்திரம்னு பதமா கழட்டி விக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாதாம்.

— மேலேருந்து கீழேதான் கழட்டணும். தொழில்னா முறைன்னு ஒண்ணு இருக்கு. இந்த வீட்டு மரப் படிக்கட்டையும் நான் மேல்முனையிலதான் கழட்டினேன்.

— எங்க நின்னுக்கிட்டு?

— மாடியில.

— கட்டின பொண்டாட்டியையும் கூடவே மாடியில வச்சுக்கிட்டு.

— படிக்கட்டைக் கயிறு கட்டி ஒரு கீறல் விழாம இறக்கினேன். நம்ம லாரி ஓட்டுற தம்பி கீழே வாங்கினான். அடடா, என்ன கைடா உனக்குன்னு என்னை நானே மெச்சிக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தா, கிணத்தை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கு.

— அந்தக் கயிறு?

— அதுவும் படிக்கட்டோடவே போயிருச்சு.

— ரோட்டுல போறவங்களைக் கூப்பிடட்டுமா?

— ஐயோ, மானம் போயிரும்! மரக்கடைத் தெருவே சிரிக்கும். ஏணி எடுத்துட்டு வரேன்னான், வந்துருவான்.

— அப்ப இங்க கழட்டி வச்சிருக்கிற இந்தக் கண்ணாடி ஜன்னலைப் பத்திப் பேசுவோம். நம்ம அடுப்படிக்கு வேணும்.

— ஓட்டல்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேனே. இதுக்கு முன்னாடி உனக்கு மூணு தடவை ஜன்னல் மாட்டித் தரலையா?

— மாட்டினீங்க. மாட்டின வாரமே எவனாவது வந்து 'அழகா இருக்கே'ம்பான், திருப்புளியைத் தூக்கிருவீங்க. இப்ப ஜன்னல் இருந்த ஓட்டையில சாக்கு தொங்குது. தூக்கினா மழையும் பூனையும் உள்ள வருது. விட்டா புகை வெளிய போகமாட்டேங்குது. இருமல் தாங்காம டாக்டர்கிட்டயே போயிட்டு வந்தேன்.

— டாக்டர்கிட்டயா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!

— நீங்க எங்க உக்கார்றீங்க, சொல்றதுக்கு? வீட்டுல காத்து வர வழியில்லையாம்மா, வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேட்டார். ஜன்னல் வியாபாரம்னு சொல்ல வாய் வரலை. பூட்டு ரிப்பேர்னுட்டேன்.

— ஊர் வீட்டுக்கெல்லாம் காத்து வித்தவன், சொந்தப் பொண்டாட்டியைப் புகையில வாட்டியிருக்கேன். என்னை எதால அடிக்கிறதுன்னே தெரியலை.

— பொறுமையா யோசிங்க. இங்கேருந்து எங்க போகப்போறீங்க?

— சரி. இது நம்ம வீட்டுக்குத்தான். ஓட்டல்காரர் கால்ல வேணா விழுந்துக்கிறேன்.

— அடுத்த வாரம் இன்னொருத்தன் வந்தா?

— திருகாணி போட்டாத்தானே கை அரிக்கும்? சுத்தி சிமெண்ட் வச்சுப் பூசிர்றேன். நானே நினைச்சாலும் கழட்ட முடியாது. போதுமா?

— அண்ணி, சிமெண்ட்னு காதுல விழுந்துச்சு! ஏணியைச் சாத்திரட்டுமா?

— டேய் லாரி! நீ எப்படா வந்தே?

— சாத்துங்க தம்பி! நான் சொன்னேங்கிறதுக்காக மத்தியானத்துலேருந்து ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, தும்மல்கூட போடாம கீழேயே ஒளிஞ்சு நின்னீங்களே, உங்க வீட்டுல காத்தும் வெளிச்சமும் என்னைக்கும் குறையாம, குடும்பத்தோட நல்லா இருக்கணும்!