தலைப்பிரசவம் எங்கே என்று கேட்ட தலைமைக் குமாஸ்தாவுக்கு

மலைச்சாரலில் பிறந்து, மன்றத்துப் படிகளில் முதிர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் வக்கீல் அலுவலகத்தின் முதுகெலும்பாய் நின்ற மூத்தவரே! கட்சிக்காரரின் கண்ணீரையும் கட்டுக் காகிதத்தையும் ஒரே கரிசனத்தோடு கையாண்ட கண்ணியரே! அன்பு நிறை சுவக்கீன் அண்ணனே, வணக்கம்!

வழக்குக் கட்டைப் பிரிக்கும் முன் வந்தவரை உட்காரவைத்து, பெண் கொடுத்தது எங்கே, எடுத்தது எங்கே என்று உறவுமுறை விசாரிப்பது உங்கள் வழக்கம். "கல்யாணத் தரகர் ஆரம்பித்துவிட்டார்" என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்ததுண்டு. இன்று முகத்துக்கு நேராகவே ஒப்புக்கொள்கிறோம், மன்னியுங்கள்.

அந்தச் சிரிப்பை அடக்கிய வழக்கு ஒன்று உண்டு. ஏலக்காய் திருடியதாக ஓராண்டுத் தண்டனை பெற்ற பெண்ணின் தாய், மகளுக்குக் கிடைத்த நர்சிங் சீட் பறிபோகிறதே என்று நம் வாசலில் வந்து அழுதார். சம்பவத்தன்று தன் மூத்த மகளான அவளுக்குப் பதினேழு வயதுதான் என்று சத்தியம் செய்தார். ஆனால், தோட்ட வேலைக்குப் போகையில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல், ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளியில் சேர்த்தவரும் அவரே. அந்தப் பள்ளிப் பதிவை நம்பிக் கீழ்க் கோர்ட்டு தண்டித்துவிட்டது. பிறப்புப் பதிவோ நம் பஞ்சாயத்தில் இல்லவே இல்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏத்தா, தலைப்பிரசவத்துக்கு எங்க போன?"

"எங்கம்மா வீட்டுக்குத்தாண்ணே, போடிக்கு."

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பதைச் சட்டம் படித்த நாங்கள் அத்தனை பேரும் மறந்தோமே, வெட்கம்! கேரள மலையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போடிமெட்டு வளைவுகளில் நான்கு முறை இறங்கி ஏறி, போடி நகராட்சியில் கிடந்த பிறப்புப் பதிவை வாங்கி வந்தீர்கள். பதினெட்டு நிரம்பாதவரை விசாரிக்கும் அதிகாரம் சிறார் நீதிக் குழுமத்துக்கே உண்டு, அந்தக் கோர்ட்டுக்கு இல்லை என்று நம் வக்கீல் அமர்நாத் மேல்முறையீட்டில் வாதிட்டார். தண்டனை ரத்தானது. குழுமமும் அறிவுரை கூறி அவளை வீட்டுக்கு அனுப்பியது. வாதம் அவருடையது, அதற்கு உயிர் தந்த காகிதம் உங்களுடையது!

சிறார் வழக்கில் பெயரை வெளியே சொல்லலாகாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் நீங்கள். ஆகவே இம்மடலிலும் அவள் பெயர் இல்லை.

நோய்நொடி அணுகாமல் நூறாண்டு வாழ்க என்று நெஞ்சாரச் சொல்கிறோம். ஆனால் அதற்கு எங்களைவிடப் பொருத்தமானவள் ஒருத்தி இருக்கிறாள். போன மாதம் மருத்துவமனையில் உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், "உப்பக் குறைங்க மாமா, சொன்னாக் கேளுங்க" என்று அதட்டினாள். சொந்தமா என்று டாக்டர் கேட்டார். ஊரெல்லாம் உறவு விசாரிக்கும் நீங்கள், "எங்க வீட்டுப் பொண்ணு" என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

அவள் சொன்னதைக் கேளுங்கள் அண்ணா, நெடுநாள் எங்களோடு இருங்கள்.

என்றும் உங்கள்,
அமர்நாத் வழக்கறிஞர் அலுவலகத்தார்
பூப்பாறை