கொட்டகைக்குள் நுழையாத ரேடார் விமானம்

தம்பானூர் பேருந்து நிலையம், பிற்பகல் மூன்றேகால். நாகர்கோவில் வண்டிக்கான வரிசையில் எனக்கு முன்னால் விமானப்படைச் சீருடையில் ஓர் இளைஞன், கையில் தந்தியுடன் நின்றான். பக்கத்தில் அவனுக்கு மைத்துனனாகப் போகிறவன்.

"டயர்ல காத்தைக் கொறைக்கணுமாம் மச்சான். ஒடனே திரும்பி வரச் சொல்லுதாங்க."

"வெள்ளிக்கிழம நாகர்கோவில்ல எந் தங்கச்சி கழுத்துல தாலி கெட்டணும் மாப்ள! காத்துப் புடுங்க வேற ஆளில்லியா?"

"எதிரி வாறதைத் தூரத்துலயே பாக்க, முதுகுல ரேடார் தட்டு வெச்ச விமானம். எங்ககிட்ட உள்ள மூணு விமானத்துலயும் இப்பம் பெரிய தட்டா மாத்தியாச்சு. விமானம் நிறுத்துற கொட்டகை வாசல் ஒசரத்தை ஆரும் அளக்கல. எல்லா டயர்லயும் ஒண்ணுபோலக் காத்தைக் கொறச்சாத்தான் தாழ்ந்து உள்ள போவும். அந்தப் பக்குவம் எனக்குத்தான் தெரியும்."

"வெளியிலயே நிக்கட்டும்."

"மழ பெய்தா தட்டு நனஞ்சிரும்னு ஆபீசருக்குப் பயம்."

"செரி, மேல பறக்கும்போ மழ பெய்தா என்ன செய்வாரு? கொட பிடிப்பாரா?"

 இளைஞன் தந்தியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

மூன்று முப்பத்திரண்டுக்கு வண்டி வந்தது. அவன்தான் முதலில் ஏறி, மைத்துனனுக்கும் இடம் பிடித்தான்.