மறந்த உரை

சேலத்திலிருந்து மலையேறிய மாரமங்கலம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எதிர்க்கட்சி எம்.பி.யின் உதவியாளர். மற்றவர் அவருக்குத் தெரிந்த மிளகுத் தோட்டக்காரப் பெண்.

"ஏனுங்க தம்பி, ஜனாதிபதி உரை முடிஞ்சிருச்சுங்களா?"

"இனிமேத்தானுங்க்கா ஆரம்பம். எங்க எம்.பி. காலைலயே கண்டிச்சுட்டாருங்க."

"பேசறதுக்கு முன்னாலயா?"

"வருசா வருசம் அப்படித்தானுங்க. 'மிளகு விவசாயிகளை மறந்த உரை'ன்னு பத்திரிகைக்கு அனுப்பியாச்சுங்க."

உதவியாளர் போனில் தமிழ்ச் செய்தியை வைத்தார். வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வந்தது. சற்று நேரத்தில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மிளகுக்கு ஆதார விலைன்னாங்களே, கேட்டீங்களா? நெசமாலுமா? நொம்ப நாளா இதுக்குத்தானுங்க காத்துக் கெடக்கறோம்!"

அவர் கண் கலங்கிவிட்டது. உதவியாளர் அவசரமாக எம்.பி.யை அழைத்தார்.

"ஐயா, மிளகைச் சொல்லிட்டாங்கய்யா. கண்டனத்தை எடுத்துறலாங்களா?"

எம்.பி.யின் குரல் எனக்கே கேட்டது. "எதுக்கு எடுக்கற? அது இருக்கட்டும். அடியில 'என் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி'ன்னு சேத்துக்க."

உதவியாளர் அப்படியே சேர்த்து அனுப்பிவிட்டு நிம்மதியாகப் போனைப் பையில் போட்டார்.

"ஏனுங்க தம்பி, அப்ப எங்களை மறந்தாங்களா, மறக்கலீங்களா?"

"காலைல மறந்திருந்தாங்க்கா. எங்க ஐயாதான் ஞாபகப்படுத்துனாருங்க."