நாத்தனாரும் நான்கு புதுக் கோழிகளும்

புது இடத்துக்கு வந்த கோழியை அவசரப்படுத்தக் கூடாது. முதலில் மூலையில் நிற்கும், பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்க்கும், அதற்கும் பிறகுதான் நம்மைப் பார்க்கும்.

முட்டைப் பண்ணையில் வயதாகிவிட்டது என்று கழித்துவிட்ட நான்கு கோழிகளை என் தங்கை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தாள். கூண்டுக் கம்பியிலேயே காலம் தள்ளியவை. கொல்லைப்புறத்தில் இறக்கிவிட்டதும், மண் சுடுவதுபோல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை.

"என்னடி, பாதி உரிச்சே குடுத்துட்டாங்களா?" என்றேன்.

"வாயைக் கழுவுக்கா. இதுங்க இனிமே நம்ம வீட்டுப் பிள்ளைங்க."

எங்களிடம் ஏற்கெனவே மூன்று கோழிகள் இருந்தன. அவற்றின் தலைவி ஒரு கறுப்புக் கோழி. தீவனத் தட்டில் யார் முதலில் வாய் வைப்பது, யார் எங்கே உறங்குவது என்று எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும். அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்திருந்தோம்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். கொல்லையின் குறுக்கே கம்பி வலை கட்டி, நடுவில் ஒரு சின்னக் கதவும் கொக்கியும் போடச் சொன்னார். "ரெண்டு கூட்டமும் ஒண்ணையொண்ணு பாக்கணும், ஆனா தொடக் கூடாது. பழகுற வரைக்கும் கொக்கியைத் திறக்காதீங்க அக்கா."

அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், இருந்தும் அக்கா என்றார். மரியாதை தெரிந்தவர்களிடம் இந்த ஒரு குறை உண்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதை நான் கேட்கவில்லை, பேச்சோடு பேச்சாக வந்தது. பேச்சை அந்தப் பக்கம் நகர்த்தியது மட்டும் நான்.

அப்போதுதான் எனக்குத் தங்கையின் நினைவு வந்தது. அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். அவளுக்கு இவரைவிட நல்ல மாப்பிள்ளை எங்கே கிடைப்பார்? ஆனால் எல்லாம் நன்றாக இருக்கும் வீட்டுக்கு டாக்டர் எதற்கு வரப்போகிறார்?

எனவே ஒரு நாள் கொக்கியைத் திறந்து வைத்தேன். மற்றதை நாத்தனார் பார்த்துக்கொண்டது.

டாக்டர் வந்து, கொத்துப்பட்ட கோழியின் முதுகில் ஊதா மருந்து தடவினார். நான் நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கட்டியிருந்தேன். வருகிறவரை அழுக்குப் புடவையோடு வரவேற்றால் பெண்வீட்டாருக்கு என்ன மதிப்பு? டீ குடித்தார், சிரிக்கச் சிரிக்கப் பேசினார். தங்கை மட்டும் ஆபீஸில் இருந்தாள். நேரம் பார்க்காதது என் பிழை.

அடுத்த முறை ஒரு கோழிக்குக் கண் போயிற்று. அன்றும் தங்கை ஆபீஸில்தான் இருந்தாள். அதற்கடுத்த முறையும் அப்படியே. அவளுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை, அந்த நாளில் எனக்கு வீட்டில் வேலை அதிகம்.

ஒவ்வொரு மாலையும் அவள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "காலைல தீவனம் வெச்சுட்டு நான்தான் கொக்கியை மறந்திருப்பேன் அக்கா."

"விடும்மா. மறதி யாருக்குத்தான் இல்ல?" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு ஒன்று செத்தது. தங்கை லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். டாக்டர் வந்தார், குழி தோண்டினார், அவள் அழுது முடிக்கும்வரை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு யாரும் கூப்பிடாமலே வந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஒரு மாதம் கழித்து, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். தங்கையைப் பெண் கேட்டார். நான் நினைத்ததுதான் நடந்தது. எனக்குச் சந்தோஷம்தான். டீ ஆறிவிட்டது என்று கொட்டிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, வலையை அவிழ்க்க வந்தவர் கொக்கியை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"அக்கா, இது காத்துக்கும் திறக்காது, அலகுக்கும் திறக்காது. ஒரு தடவைன்னா மறதி. ஒவ்வொரு தடவையுமா?"

"காலைல கடைசியா அந்தப் பக்கம் போறது அவதான்" என்றேன். அதில் பொய் இல்லை.

"எதுக்குங்க அப்படிச் செய்யணும்?"

"சின்னப் பொண்ணு. உங்களைப் பாக்கணும்னு ஆசையா இருந்திருக்கும், லீவுதான் கிடைச்சிருக்காது. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் கொக்கியிலிருந்து கையை எடுத்தார். நேராக உள்ளே போய் அவளிடமே கேட்டார், கோழிங்க அடிபட்டதுக்கு நீதான் காரணமா என்று. அவள் மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்ததைச் சொன்னாள்: "ஆமா, நான்தான்." சொல்லும்போது அழுதாள். அழுகையும் குற்றமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவர் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அவளைத் திட்டவில்லை. மூன்று நாள் அவளுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். மிச்சமுள்ள மூன்று புதுக் கோழிகளும் இப்போது நாத்தனாருடன் ஒரே கம்பில் உறங்குகின்றன. கண் போனதைக்கூட அது பக்கத்தில் சேர்த்துக்கொண்டது.

எந்தப் பெற்ற தாயும் இவ்வளவு செய்திருக்க மாட்டாள். தங்கைக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுப் பையனாக இருந்தால் நல்லது.