புதன்கிழமைக் கையெழுத்து

சங்கரன்கோவிலில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகும்போது, முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம், "நான் இல்லாத இடத்துல இருந்ததா ஆயிப்போச்சு, அண்ணாச்சி" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னவே சொல்லுதீரு?"

"பொது மைதானத்துல எங்க தெருப் பயலுவ கபடி ஆடுதானுவல்லா. பொறுப்பான ஆளு ஒருத்தர் தினமும் கூட நின்னு, முனிசிபாலிட்டி ஆபீஸ் நோட்டுல கையெழுத்துப் போடணும். அது நாந்தான்."

"நல்ல காரியந்தான?"

"நமக்கு எலுமிச்ச யாவாரம். புளியங்குடிக்குப் போகணும்னு, வாரம் பூராவுக்கும் திங்கக்கிழமையே போட்டுருவேன். புதன்கிழமை ஒருத்தன் தலகுப்புற விழுந்துட்டான். பெரியாஸ்பத்திரியில கெடக்கான். இன்னும் கண்ணு முழிக்கல."

"ஆபீஸ்ல கேக்கலையா?"

"நோட்டப் பாத்துட்டு, ஆள் நின்னிருக்குன்னு விட்டுட்டாவ. அவன் அம்மைதான் ஆள்மேல ஆள் சொல்லிவிடுதா. பக்கத்துல நின்னவருல்லா, விழும்போது எம்புள்ள என்னையக் கூப்பிட்டானான்னு கேக்குதா."

பெரியவர், "போயி உள்ளதச் சொல்லிரும்வே" என்றார்.

"அதுக்குத்தான் போறேன்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கண்டக்டர் இரண்டு தடவை குரல் கொடுத்தார். முன்சீட்டுக்காரர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிடுதேன்" என்றார்.