இடித்த கோயிலுக்குள் ஒரு பாட்டு

திருமலைராயன்பட்டினம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சிரித்துக்கொண்டே பேசினாள்.

“இடிச்ச மாதா கோயிலுக்குள்ள நேத்து பாடினேன் அக்கா.”

“இடிச்சதுக்குள்ள எப்படிடி?”

“பழைய போட்டோ, அளவெல்லாம் வச்சு என் தம்பி கம்ப்யூட்டர்ல கட்டியிருக்கான். மைக்ல பாடினா அந்தக் கோயில்ல பாடின மாதிரியே ஹெட்போன்ல கேக்குது. முதல்ல ஒரே எதிரொலி, வார்த்தையே புரியல. காலிக் கோயிலா கட்டிட்டான். பூசைக்கு நாம தரையில நெருக்கியடிச்சு உக்காருவோம்ல, அதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் கோயில்லயும் ஆளுங்களை உக்கார வச்சதும் எதிரொலி அடங்கி சரியாயிடுச்சு.”

“அதுக்கா இவ்வளவு சிரிப்பு?”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

“புதுக் கோயில்ல பாடினப்போ குரல் செத்துப்போச்சுன்னு பாடகர் குழுவை விட்டே நின்னுட்டேன்ல? குரல் அப்படியேதான் இருக்கு அக்கா. போனது பழைய கோயிலோட அந்த உசந்த கூரைதான்.”