யாரு முறையும் இல்லாத நாள்

ரொம்ப ரொம்ப முந்தி, இந்தத் தார் ரோடு வெறும் வண்டிப்பாதையாக் கெடந்த காலத்துல, இதே ஆவரங்காட்டூருல, வெயிலுமுத்துன்னு ஒரு சம்சாரி இருந்தாராம். இருந்தாரா இல்லையான்னு எவனும் கேக்கக் கூடாது. அந்தா பொட்டல்ல உரல் கெடக்கு, போயித் தொட்டுப் பாத்துக்கோங்க. இருந்தாரு.

ஊடால பேசுறவுக இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க. கதை சொல்லுதவனுக்கு ம் கொட்டணும், கொட்டாவி விடக் கூடாது.

வெயிலுமுத்துக்குக் கரிசக்காடு இருந்துச்சு, ரெண்டு காளை இருந்துச்சு, ரெண்டு பயலுக இருந்தானுக. மூத்தவன் குருசாமி, இளையவன் சங்கிலி. வாசல்ல நெழல் விழுந்தாப் போதுமாம், ஆளு யாருன்னு கூடப் பாக்க மாட்டாராம், "ஏய், சாப்பிட்டுட்டுப் போ"ன்னு கையைப் புடிச்சு இழுப்பாராம். வேண்டாம்னா வம்புக்கு வந்துருவாராம். அப்படி ஒரு கை.

பொண்டாட்டி போயிச் சேந்தா. பயலுகளுக்குக் கல்யாணம் முடிஞ்சது. பங்கு பிரிக்கணும்னு உக்காந்தாக. காடு ரெண்டாச்சு. காளை ஆளுக்கு ஒண்ணு. சட்டி பானை, கட்டில், கலப்பை எல்லாம் பிரிஞ்சது. காளைக்குப் பருத்திவிதை ஆட்டுற உரல் ஒண்ணு மிச்சம். ரெண்டு பயலும் 'எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்'னுட்டானுக. உருட்டிக் கொண்டுபோயி ஊருக்குக் கெழக்க பொட்டல்ல போட்டுட்டாக.

அடுத்தாப்புல அப்பன் மிச்சம். அப்பனை எப்படிப் பிரிக்க? ஊருப் பெரியவுக தாடியைச் சொறிஞ்சாகளாம். "ஒரு மாசம் மூத்தவன் சோறு போடட்டும், ஒரு மாசம் இளையவன் போடட்டும். மாசம்னா முப்பது நாளு"ன்னு சொல்லிட்டு வெத்தலையைத் துப்பிட்டுப் போயிட்டாக.

அறிவு கெட்டவுக! நம்ம மாசம் எங்க முப்பதுல நிக்கி? சித்திரைக்கு முப்பத்தொண்ணு. ஆனி முப்பத்திரெண்டுக்கும் போகும். இருபத்தொன்பதுல முடியுற மாசத்துல ஒரு நாளு லாபம்னு மருமகளுக வாயைத் தொறக்க மாட்டாளுக. முப்பத்தொண்ணுன்னா மட்டும் கணக்கு நல்லா வந்துரும். "மாமா, எங்க முறை நேத்தோட முடிஞ்சுது"ன்னு இவ சொல்லுவா. "மாமா, எங்க முறை நாளைக்குத்தான்"னு அவ சொல்லுவா. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மனுசன் தெருவுல நிப்பாரு. அந்த நாளைக்கு ஊருல பேரே வச்சிட்டானுக, 'மிச்ச நாள்'னு.

ஒரு ஆடி மாசம் மிச்ச நாளு. இவரு பசியோட வேப்பமரத்தடியில உக்காந்திருக்காரு. அன்னிக்குப் பாத்து, அவரு தங்கச்சி சீனித்தாய் வந்துட்டா.

சீனித்தாயைக் கெழக்க தேரிக்காட்டுப் பக்கம், கருக்குவிளையில கட்டிக் குடுத்திருந்தாக. செம்மண்ணும் பனையுமா இருக்குற சீமை. அவளும் கெழவியாயிட்டா, புருசன் போயிட்டான். அண்ணனைப் பாக்கணும்னு ஏக்கம் புடிச்சு, வெயிலோட வெயிலா நடந்து வந்திருக்கா.

"யண்ணே!"

"யாத்தே, சீனியா? வாட்டி, வா! சாப்..."

'சாப்பிடு'ன்னு சொல்ல வாய் போயிருச்சு. பாதியில நின்னுபோச்சு. எந்த வீட்டுச் சோத்தைப் போட?

மூத்தவன் வீட்டு வாசல்ல கூட்டிக்கிட்டுப் போயி நின்னாரு. மருமக எட்டிப் பாத்தா. "வாங்க சித்தி. மாமா முறை நேத்தோட முடிஞ்சிருச்சே"ன்னா. இளையவன் வீட்டுக்குப் போனாக. "வாங்க வாங்க. நாளைக்கு வந்திருந்தா ஒரு உலை வச்சிருப்பேனே"ன்னா. ரெண்டு பேருமே வாங்கன்னுதான் சொன்னாளுக. ஒருத்தியும் உக்காருன்னு சொல்லலை.

சீனித்தாய் கெணத்தடிக்குப் போயி, தண்ணி எடுத்துக்கிட்டிருந்தவகிட்ட ரெண்டு கையையும் ஏந்திக் குடிச்சாளாம். முந்தியில வாயைத் தொடச்சாளாம்.

"யண்ணே, நான் சோத்துக்கு வரலை. அங்க எனக்கும் ரெண்டு பயலுக முறை வச்சித்தான் போடுதானுக. ஒன் வீட்டுல ஒரு வாய் குடிச்சா நெஞ்சு குளிருமேன்னு வந்தேன். பொம்பளைக்கு அண்ணன் இருக்குற எடந்தானே பொறந்த வீடு? இனிமே நான் எங்கண்ணே வருவேன்?"

சொல்லிட்டு நடந்துட்டா. பொட்டல் வரைக்கும் இவரு கூடப் போனாரு. அதுக்கு மேல காலு போகலை. அந்த உரல் மேல உக்காந்து, அவ தலை மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாராம். பொண்டாட்டி செத்தப்பக் கூட அழுகாத மனுசன், அன்னிக்கு உரல் மேல உக்காந்து ஓன்னு அழுதாராம்.

அதுக்குப் பெறகு அவருக்கு ஒரே நெனப்பு. எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும். அதுல எம் புகை வரணும். எந் தங்கச்சி வந்து உக்காரணும், எவளையும் கேக்காம நான் அவளுக்கு ஊத்தணும். சோத்தைப் பெசையும்போதும் அதே நெனப்பு. படுத்தாலும் அதே நெனப்பு.

அவருக்கு என்ன தொழில் தெரியும்? காளைக்குப் பருத்திவிதை ஆட்டத் தெரியும். சின்ன வயசுல காட்டுக்காவலுக்குப் போனப்ப, அதே விதையை ஆட்டிப் பால் புழிஞ்சு, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் குடிச்சிருக்காரு. பருத்திப்பாலு! அதுதான் தெரியும்.

இடுப்புல அவுக ஆத்தா கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண் கொடி இருந்துச்சு. அதைச் செத்தாத்தானே அறுப்பாக? இவரு உசுரோட அறுத்தாரு. கறுப்புக் கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு, கொடியை வித்து, பானை, கலயம், விதை, கருப்பட்டி எல்லாம் வாங்கிட்டாரு.

ஆவணி வந்துச்சு. மிச்ச நாளும் வந்துச்சு. விடியுமுன்ன பொட்டல்ல போயி உரலைக் கழுவி விட்டு, ஊறின விதையைப் போட்டு ஆட்டுதாரு, ஆட்டுதாரு, கை ஓய ஆட்டுதாரு. மூணு கல்லைக் கூட்டி அடுப்பு வச்சு, பானையை ஏத்திட்டாரு. கருப்பட்டி வாசம் ஊருக்குள்ள போயிருச்சு.

ஊரு என்ன செஞ்சுச்சு? சிரிச்சுச்சு. "கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, மாட்டுத் தீனியை விக்கான்"னு சிரிச்சுச்சு. ஒருத்தன் கலயத்தைத் தொடலை. வெயில் ஏற ஏற இவரு மொகம் சுண்டிப் போச்சாம்.

அப்ப பருத்தி ஏத்திக்கிட்டு வண்டிக நாலஞ்சு வந்துச்சு. முன்வண்டிக்காரன் எறங்கி, "என்ன பெருசு, வாசம் ஆளைத் தூக்குது?"ன்னான். ஒரு கலயம் குடிச்சான். இன்னொண்ணுன்னான். பின்வண்டிக்காரனைக் கூப்பிட்டான், "ஏலே, மாட்டை அவுத்துட்டு வாங்கலே!" அம்புட்டுத்தான். பானை காலி. வண்டிக்காரன் குடிச்சதைப் பாத்த பெறகு ஊருக்காரனுக்கும் நாக்கு ஊறிருச்சு. காலிப் பானையைப் பாத்து உச்சுக் கொட்டினானுகளாம்.

சேதி கேட்டு ரெண்டு பயலும் ஓடியாந்தானுக.

"யப்பா, எங்க மானத்தை வாங்கணும்னே இங்க உக்காந்திருக்கீங்களா? ஊரு எங்களைக் காறித் துப்பாதா?" இது குருசாமி.

"இனிமே மிச்ச நாளை நாங்களே பாதி பாதியாப் பிரிச்சுக்கிடுதோம். காலையில அண்ணன் வீடு, பொழுதடைய எங்க வீடு. எந்திரிங்க." இது சங்கிலி.

வெயிலுமுத்து பால் கிண்டுற துடுப்பைப் பானையில சாத்தி வச்சாரு. கோவப்படலை. மெதுவாத்தான் சொன்னாராம்.

"என் காட்டைப் பிரிச்சீங்க, குடுத்தேன். என் காளையைப் பிரிச்சீங்க, குடுத்தேன். என்னையவே பிரிச்சீங்க, பேசாம இருந்தேன். இந்த ஒரு நாளை எவனும் வேண்டாம்னீங்க. வேண்டாம்னு போட்ட உரலும் வேண்டாம்னு போட்ட நாளும் எனக்கு. முறை நாளுல உங்க சோத்தைத் திங்கேன், நீங்க எம் பிள்ளைகதான். மிச்ச நாளை மட்டும் கேக்காதீங்க, குடுக்க மாட்டேன்."

ரெண்டு பயலும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டானுக.

வந்த காசுல ஓலைக் குடிசை ஒண்ணு உரல் பக்கத்துல எந்திரிச்சிருச்சு. உள்ள மண்ணடுப்பு. கருக்குவிளைப் பக்கம் போற வண்டிக்காரன்கிட்ட வெயிலுமுத்து சேதி சொல்லி விட்டாரு. "எந் தங்கச்சிகிட்டச் சொல்லு. அண்ணனுக்கு வீடு இருக்கு. மிச்ச நாளுல அடுப்பு எரியும். வரச் சொல்லு."

புரட்டாசி மிச்ச நாளு வந்துச்சு. ஒரு கலயத்தைத் தனியா எடுத்து உரல் மேல வச்சிட்டு, கெழக்கயே பாத்துக்கிட்டிருந்தாரு. அவ வரலை.

ஐப்பசிக்கு மேல மாசமெல்லாம் சிறுத்துப் போகும், மிச்ச நாளே கெடையாது. அடைமழைக்கும் இல்லை, பனிக்கும் இல்லை. மாசியும் போச்சு. அந்த வருசம் பங்குனியும் முப்பதோட நின்னு போச்சு. மனுசன் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்குமா நடக்காரு. பொழுதடைஞ்சா பொட்டலுக்குப் போயி, எரியாத அடுப்பைத் தொடச்சு, குடிசை வாசலைத் தூத்துட்டு வாராரு. 'சேதி போயிச் சேந்துச்சோ இல்லையோ, கோவமோ, காலுக்கு முடியலையோ'ன்னு தனக்குத்தானே பேசிக்கிடுவாராம். ஏங்கியே பாதி ஆளாயிட்டாராம்.

சித்திரை மிச்ச நாளு. உச்சி வெயிலு. கெழக்க ஒரு உருவம் தெரியுது. தலையில கோபுரமா என்னமோ அடுக்கி வச்சிருக்கு. வெயிலுமுத்து துடுப்பைப் போட்டுட்டு ஓடினாரு பாருங்க! விழுந்து எந்திரிச்சு ஓடினாராம்.

சீனித்தாய்தான். தலையில பனையோலைக் கொட்டான், சின்னதும் பெருசுமா அம்புட்டு ஓலைக்கூடை.

"ஏன்ட்டி அப்பவே வரலை?"

"கையை வீசிக்கிட்டு வர மனசு வரலைண்ணே. மிச்ச நாளு எனக்கும்தான இருக்கு? நீ கடை போட்டேன்னு கேட்டதும் நானும் ஓலை கிழிச்சேன். மழைக்காலமெல்லாம் முடைஞ்சேன். வழியில ரெண்டு ஊருல வித்துட்டுத்தான் வாரேன்."

"உள்ள வா தாயி. இது என் அடுப்பு. எவளையும் கேக்க வேண்டாம். உக்காரு, குடி!"

எம்புட்டு நாள் தொண்டையில நின்ன சொல்லு! சீனித்தாய் குடிச்சா. கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சா. குடிச்சு முடிச்சிட்டு முந்தியை அவுத்து ஒரு காசை எடுத்து உரல் மேல வச்சா.

"என்னட்டி இது?"

"நான் குடிச்சதுக்கு."

வெயிலுமுத்துக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "அண்ணன் வீட்டுல குடிச்சதுக்குக் காசா? இதுக்கா நான் ஆத்தா கட்டின கொடியை அறுத்தேன்? எடுட்டி அதை!"

"எடுக்க மாட்டேன். யண்ணே, ஒம் மச்சான் போனதுல இருந்து எவன் சோத்தைத் தின்னாலும் தலையைக் குனிஞ்சுதான் தின்னுருக்கேன். ஒரே ஒரு தடவை குடுத்துக் குடிச்சுப் பாக்கேன். நீயும் தடுக்காத."

அவ சொன்னது அவருக்குத் தெரியாதா? அவரும் குனிஞ்சு தின்ன ஆளுதானே? ஆனா வாங்கவும் கை வரலை. சும்மா ஊத்தணும்னு இவரு ஏங்கினாரு. குடுத்துக் குடிக்கணும்னு அவ ஏங்கினா. ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கலை. காசு உரல் மேல வெயில்ல கெடக்கு.

கடைசியில இவரு ஒரு கொட்டானை எடுத்தாரு. "இது என்ன வெலை?"

"அண்ணனுக்கு வெலையா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. இவரும் சிரிச்சாரு. சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு கெழடும் அழுதுச்சுகளாம். கலயத்துக்குக் கொட்டான், கொட்டானுக்குக் கலயம்னு ஆச்சு. காசை அவ முந்தியில முடிஞ்சுக்கிட்டா.

அந்த வருசம் வைகாசிக்கும் வந்தா. ஆனிக்கு மிச்ச நாளு ரெண்டு இல்லையா, முத நாளு வந்தவ அண்ணன் குடிசையிலயே தங்கிட்டா. பொறந்த வீட்டுல தங்குதேன்னு வாரவன் போறவன்கிட்டயெல்லாம் சொன்னாளாம். இவுகளைப் பாத்து ஊருல முறைச்சோறு தின்ன கெழடுகட்டைக எல்லாம் ஒண்ணொண்ணா வந்து உக்காந்துச்சுக. ஒருத்தி புளி உருண்டை வித்தா, ஒருத்தன் தும்பைக் கயிறாத் திரிச்சு வித்தான், ஒருத்தி கொழுக்கட்டை அவிச்சா. பொட்டல் நெறைஞ்சு போச்சு.

புரட்டாசியில பிரியும்போது சீனித்தாய் சொன்னா, "இனி சித்திரைக்குத்தான்ணே. பெரிய கொட்டானா முடைஞ்சு வாரேன். என் கலயத்தை எடுத்து வையி." இந்தா, அதுக்கு வெலையை இப்பவே வச்சுக்கோன்னு கையில இருந்த கடைசிக் கொட்டானையும் குடுத்துட்டுப் போனா.

சித்திரை வந்துச்சு. எடுத்து வச்சாரு. அவ வரலை. பொழுது சாயுற நேரத்துல, அன்னிக்குச் சேதி கொண்டுபோன அந்த வண்டிக்காரன்தான் வந்தான். தலைப்பாகையை அவுத்துக் கையில வச்சுக்கிட்டு நின்னான். தைப் பனியில சீனித்தாய் போயிட்டாளாம். மடியில பாதி முடைஞ்ச கொட்டான் இருந்துச்சாம்.

வெயிலுமுத்து எரியுற அடுப்பை அணைக்கலை. வைகாசி மிச்ச நாளைக்கும் வந்தாரு, ஆட்டினாரு, காய்ச்சினாரு, மொதக் கலயத்தை எடுத்து உரல் மேல வச்சிட்டாரு. பானை காலியான பெறகு வெளியூருக்காரன் ஒருத்தன் கேட்டானாம், "பெருசு, அந்தா ஒரு கலயம் இருக்கே, அதைக் குடும். கூடக் காசு தாரேன்."

"அது வித்துப் போச்சுய்யா. வெலை வாங்கியாச்சு"ன்னு சொல்லிட்டு, கொட்டானைத் தொட்டுக் காமிச்சாராம். உசுரு இருக்குற வரைக்கும் அப்படித்தான் சொன்னாராம்.

அதனாலதான் மக்கா, நம்ம ஊருல மிச்ச நாளைக்கு எந்த வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்கிறதில்லை. அறுபது தாண்டினவுக மட்டும் பொட்டல்ல கடை போடுவாக, ஊரே அங்க போயித்தான் வாங்கித் திங்கணும். கடைக்காரக் கெழடுக அவுகளுக்குள்ள காசு வாங்க மாட்டாக, பண்டத்துக்குப் பண்டந்தான். மொதக் கலயம் உரல் மேல இருக்கும். கெழக்க இருந்து வயசான பொம்பளை எவ நடந்து வந்தாலும் அது அவளுக்கு. வரலைன்னா பொழுதடைய உரல் அடியில ஊத்திருவோம்.

நாளைக்கு மிச்ச நாளு. எல்லாரும் வாங்க, வயிறு முட்டக் குடிங்க. அந்தக் கலயத்தை மட்டும் எவனும் வெலை கேட்டுறாதீங்க. அது அன்னிக்கே வித்துப் போச்சு.